மகளின் ஐரோப்பியக் கல்விச் சுற்றுலா: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வருவது மாதம் 84,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணையோடு சேர்த்துச் செலவு 56,000. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகனின் கல்லூரிச் செலவுக்காக 8,000 ரூபாய் ஆர்.டி. போடுகிறோம். மீதி 20,000. எஃப்.டி.யில் 2,40,000 இருக்கிறது. தீபாவளி போனஸ் 40,000 அப்படியே வைத்திருக்கிறோம்.

மகள் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டு. 'ஐரோப்பிய அரசியல் நிறுவனங்களும் பண்பாடும்' என்று கல்லூரியில் ஒரு கல்விச் சுற்றுலா ஏற்பாடு செய்கிறார்கள். 2026 மே 12 முதல் 21 வரை, முப்பது மாணவர்கள். கட்டாயம் இல்லை. கட்டணம் 3,20,000, வரிகள் தனி. 15 நாளில் 50,000 முன்பணம் கட்ட வேண்டும், அது திரும்பக் கிடைக்காது என்கிறார்கள். "புத்தகத்தில் படிச்சதை நேர்ல பார்க்கணும்ப்பா" என்று மகள் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மனைவி தன் 10 சவரன் நகையை வைத்துவிடலாம் என்கிறார். எஃப்.டி.யை உடைக்கலாமா, பர்சனல் லோன் எடுக்கலாமா, கல்விக் கடன் கிடைக்குமா? பயணத் திட்டத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும் பிள்ளைக்கு 'வேண்டாம்' என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால் கடன் கணக்குக்குப் போவதற்கு முன்னால் பயணத் திட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். பக்கத்தில் 2026 மே மாத நாள்காட்டி. நீங்களும் அப்படி ஒரு தடவை பாருங்கள்.

மே 14, வியாழக்கிழமை: பிரஸ்ஸல்ஸ், ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய நாடாளுமன்றம். அன்று இயேசுவின் விண்ணேற்றப் பெருவிழா. பெல்ஜியத்தில் அரசு விடுமுறை, அலுவலகங்கள் மூடியிருக்கும். மே 16, லக்ஸம்பர்க், ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம்: சனிக்கிழமை. மே 17, ஸ்ட்ராஸ்பர்க், ஐரோப்பிய நாடாளுமன்றம், மனித உரிமை நீதிமன்றம்: ஞாயிற்றுக்கிழமை. அந்த வரிக்குப் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் 'போட்டோ ஸ்டாப்' என்று போட்டிருக்கிறார்கள். மறுநாள் திங்கட்கிழமை காலை, ஸ்ட்ராஸ்பர்க்கில் அலுவலகங்கள் திறக்கிற நேரத்தில், பஸ் ஜெர்மனியின் கருங்காட்டுக்குக் கிளம்புகிறது, குக்கூ கடிகாரம் செய்வதைப் பார்க்க. 20ஆம் தேதி நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் 'பஸ்ஸில் இருந்தபடி நகர்வலம்'.

அதாவது உங்கள் மகள் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாளோ, அதன் பூட்டிய கதவைத்தான் மூன்று ஊர்களில் பார்த்துவிட்டு, நான்காவது ஊரைப் பஸ்ஸுக்குள் இருந்தே பார்த்துவிட்டு வருவாள். வேண்டுமென்றே யாரும் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். வழக்கமான ஐரோப்பா டூர் திட்டத்தை எடுத்து, ஊர்களை மட்டும் கொஞ்சம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் கல்விச் சுற்றுலா என்ற பெயருக்காகத்தான் நீங்கள் நகையை எடுத்து வைக்க யோசிக்கிறீர்கள். அதனால் இதைச் சொல்லாமல் விட முடியாது.

இன்னொரு விஷயம். இந்த நிறுவனங்களில் பெரும்பாலானவற்றுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. ஐரோப்பிய நாடாளுமன்றம், அதன் பார்வையாளர் மையமான பார்லமென்டேரியம், 2017இல் பிரஸ்ஸல்ஸில் திறந்த ஐரோப்பிய வரலாற்று இல்லம், எல்லாமே இலவசம். லக்ஸம்பர்க் நீதிமன்றத்தில் விசாரணை நடக்கும்போது பொதுமக்கள் உட்கார்ந்து கேட்கலாம். (அந்த நாட்டில் 2020 மார்ச் முதல் பஸ், டிராம், ரயிலுக்குக்கூடக் காசு வாங்குவதில்லை.) சர்வதேச நீதிமன்றம் இயங்கும் தி ஹேக் அமைதி மாளிகையின் பார்வையாளர் மையமும் இலவசம்தான். குழுவாகப் போவதென்றால் முன்கூட்டியே எழுதி, தேதி வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஆக, 3,20,000 ரூபாயில் நீங்கள் வாங்குவது விமான டிக்கெட், படுக்கை, சாப்பாடு, பஸ், கூடவே ஒருவர் முன்கூட்டி எழுதித் தேதி வாங்கித் தரும் வேலை. அந்தக் கடைசி வேலையைத்தான் இங்கே யாரும் செய்யவில்லை.

அது சரியாக நடந்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய நாடாளுமன்றம் பெரும்பாலான மாதங்களில் நான்கு நாள், திங்கள் முதல் வியாழன் வரை, ஸ்ட்ராஸ்பர்க்கில் கூடுகிறது. 720 உறுப்பினர்கள், 24 ஆட்சிமொழிகள். அரைவட்ட அவையைச் சுற்றிக் கண்ணாடி அறைகள், உள்ளே மொழிபெயர்ப்பாளர்கள். ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் மட்டுமே பேசும் மால்டா மொழிக்கும் அங்கே இடம் உண்டு. மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஒரே பேச்சை மொழி மாற்றி மாற்றிக் கேட்கலாம். நம் ஊரில் மொழிக் கொள்கையைப் பற்றிப் படித்துவிட்டுப் போகிற ஒரு சட்ட மாணவிக்கு அந்த அரை மணி நேரம் ஒரு பருவத்துப் பாடத்துக்குச் சமம். ஊரே ஒரு பாடம்தான். 1871க்கும் 1944க்கும் இடையில் நான்கு தடவை பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் கைமாறிய ஊர் அது. அங்கே போய் ஏன் பொது நாடாளுமன்றத்தை வைத்தார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பாகிஸ்தான் மரண தண்டனை விதித்த இந்தியரான குல்பூஷண் ஜாதவின் வழக்கில், தி ஹேக்கில் 2019 ஜூலை 17 அன்று சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பு வாசித்தது அமைதி மாளிகையில்தான். உங்கள் மகள் அந்த வழக்கை வகுப்பில் படித்திருப்பாள். அந்தக் கட்டடத்தைப் பஸ் ஜன்னல் வழியாகக் காட்டிவிட்டுப் போவது நியாயமே இல்லை.

சரி, இப்போது கணக்கு. 3,20,000 என்று நின்றுவிடாது. 5 சதவீத ஜி.எஸ்.டி. 16,000. அதன் மேல் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கான டி.சி.எஸ்., அதாவது விற்பவர் நம்மிடம் வாங்கி அரசுக்குக் கட்டும் வருமான வரி. 2025-26 நிதியாண்டில் 10 லட்சம் வரை 5 சதவீதம், அதாவது சுமார் 16,800. பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒன்றாகத் தரும் ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணத்தையும் சேர்த்தால் 11,000 பக்கம் வரும். யூரோ 100 ரூபாயைத் தாண்டிவிட்டது, கைச்செலவுக்கு 300 யூரோ என்று வைத்தாலே 31,000. பாஸ்போர்ட் இல்லையென்றால் 1,500. குளிருக்கு ஜாக்கெட், நல்ல ஷூ, பெட்டி என்று 12,000. கூட்டினால் 4,08,000 ரூபாய்க்கு மேல்.

இதில் டி.சி.எஸ். தொலைந்துபோகிற பணம் இல்லை, அட்வான்ஸ் வரி மாதிரி. ஆனால் யாருடைய பான் எண்ணில் பதிவாகிறதோ அவர்தான் திரும்பக் கேட்க முடியும். பல வீடுகளில் மாணவரின் பான் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு அந்த 16,800 ரூபாய்க்காகச் சம்பாதிக்காத பிள்ளை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். உங்கள் கணக்கிலிருந்தே கட்டுங்கள், கட்டுபவர் நீங்கள் என்று உங்கள் பான் எண்ணில் பில் வாங்குங்கள். மில்லில் 12பிஏஏ படிவம் கொடுத்தால் உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் டி.டி.எஸ்.ஸிலேயே இதைக் கழித்துக்கொள்வார்கள். கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள், இந்த வேலை உங்களுக்கு ஐந்து நிமிடம்.

பணம் எங்கிருந்து? எஃப்.டி.யைத் தொடவே வேண்டாம். உங்கள் வீட்டுச் செலவுக்கு அது நான்கு மாதம்தான் தாங்கும். மகனின் ஆர்.டி.யும் அப்படியே இருக்கட்டும், அக்காவின் பயணத்துக்குத் தம்பியின் ஃபீஸ் போனது என்று வீட்டில் ஒரு பேச்சு வரக் கூடாது. கல்விக் கடனைப் பொறுத்தவரை, படிப்பை முடிக்கத் தேவையான கல்விச் சுற்றுலாச் செலவை அந்தக் கடனில் சேர்க்க வங்கிகளின் மாதிரித் திட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் உங்கள் கல்லூரியே இது கட்டாயம் இல்லை என்று சொல்லிவிட்டது, அதனால் வங்கி ஒப்புக்கொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

போனஸ் 40,000, டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மாதம் 20,000 என்று 1,40,000 உங்களால் சேர்க்க முடியும். குறைவது ஏறக்குறைய 2,70,000. இதைப் பர்சனல் லோனாக 14 சதவீதத்தில் மூன்று வருடத்துக்கு எடுத்தால் தவணை சுமார் 9,230, வட்டி மட்டும் 62,000. வங்கியில் நகைக் கடனாக 10 சதவீதத்தில் எடுத்து, மாதம் 20,000 அசலோடு கட்டி வந்தால் பதினான்கு, பதினைந்து மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும், வட்டி 17,500 பக்கம். வித்தியாசத்தைப் பாருங்கள். சவரன் 90,000-ஐத் தாண்டி நிற்கிற இன்றைய விலையில் நான்கைந்து சவரன் வைத்தாலே போதும், பத்தையும் கொண்டுபோக வேண்டாம். ஆனால் வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டிக்கொள்ளலாம் என்ற வகையில் எடுக்காதீர்கள். அப்படி எடுத்தவர்களில் பெரும்பாலோர் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பதைத்தான் நான் வருடக்கணக்காகப் பார்க்கிறேன். நகை உங்கள் மனைவியுடையது. ஒவ்வொரு மாதமும் அசல் எவ்வளவு குறைந்தது என்று அவர் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும்.

நகைக் கடன் என்ற வழி இருக்கிறது என்பதற்காக உடனே போய் 50,000 கட்டிவிடாதீர்கள். அந்த 'திரும்பக் கிடைக்காது' என்ற வரிதான் எனக்குப் பெரிய கவலை. விசா கிடைக்காமல் போனால்? என்னிடம் ஆலோசனை கேட்கும் ஒரு குடும்பத்தில் பையனுக்கு விசா மறுக்கப்பட்டு, 60,000 முன்பணம் மொத்தமாகப் போனது. சண்டை போட்டுப் பார்த்தார்கள், கையெழுத்துப் போட்ட தாளில் அப்படித்தான் இருந்தது. விசா மறுக்கப்பட்டால் விசாக் கட்டணம், அதுவரை உண்மையில் செலவானது தவிர மீதி திரும்ப வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், கடைசி நேரம் வரை இழுக்கக் கூடாது. அதிக இரவு தங்கும் நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும், இந்தத் திட்டப்படி அது பிரான்ஸ். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும், அது கட்டணத்தில் சேர்ந்ததா என்று கேளுங்கள். விசாவுக்கு உங்கள் வங்கிக் கணக்கைப் பார்ப்பார்கள். கடன் வாங்கித் திடீரென்று போட்ட பெரிய தொகை அதில் இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது, அதனால் நகைக் கடனை விசா வந்த பிறகு எடுப்பதே மேல். அதுவரை தவணையாகக் கட்ட அனுமதி கேளுங்கள்.

நீங்கள் தனியாகப் போய்க் கேட்டால் எடுபடாது. முப்பது பெற்றோரில் பத்துப் பேராவது சேர்ந்து பொறுப்பாசிரியரைப் பாருங்கள். நாள்காட்டியையும் பயணத் திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், அதிகம் பேச வேண்டியிருக்காது. கேட்க வேண்டியது, ஸ்ட்ராஸ்பர்க் நாடாளுமன்றம் கூடுகிற நாளில் விழ வேண்டும், லக்ஸம்பர்க் நீதிமன்றமும் தி ஹேக்கும் வேலை நாளில் வர வேண்டும், குழுவுக்கு அனுமதி கிடைத்த கடிதத்தைக் காட்ட வேண்டும். கூட்டத் தேதிகளை நாடாளுமன்றமே முன்கூட்டி வெளியிடுகிறது. கடிகாரக் கடையை விட்டுக்கொடுத்தால் ஒரு நாள் தானாகக் கிடைக்கும். பாரிஸும் ஆம்ஸ்டர்டாமும் இருக்கட்டும், பிள்ளைகள் ஊர் பார்க்கவும் வேண்டும்.

இதற்கு அவர்கள் சம்மதித்து, முன்பணம் பற்றிய உறுதியும் எழுத்தில் வந்தால், அனுப்புங்கள். நான்கைந்து சவரனை வைத்து, நான் சொன்னபடி அடைத்து வாருங்கள். இந்தச் செலவை நான் வீண் என்று சொல்ல மாட்டேன்.

சம்மதிக்கவில்லை என்றால் இந்த மே வேண்டாம். 2027 மே மாதம் உங்கள் மகள் நான்காம் ஆண்டு முடிக்கும் நேரம். 2025 டிசம்பரிலிருந்து 2027 ஜனவரி வரை மாதம் 20,000 என்று தனி ஆர்.டி., அதோடு இரண்டு தீபாவளி போனஸ். வட்டியில்லாமலே 3,60,000. அதற்கடுத்த மூன்று மாதச் சேமிப்பு 60,000. கடனே இல்லாமல் போய்வரலாம், கல்லூரிக் குழு இல்லையென்றாலும் இரண்டு தோழிகளோடு. அதோடு, உண்மையிலேயே இந்தத் துறையில் ஆர்வம் இருந்தால் ஐரோப்பிய ஒன்றியம் தரும் எராஸ்மஸ் முண்டஸ் முதுகலை உதவித்தொகையைப் பற்றி இப்போதே படிக்கச் சொல்லுங்கள். தேர்வானால் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ, இரண்டு வருடம் வரை. அதற்கு மதிப்பெண்ணும் ஆங்கிலத் தேர்வும்தான் முதலீடு.

எந்த வழியில் போனாலும் அவளிடம் கிரெடிட் கார்டைக் கொடுத்து அனுப்பாதீர்கள். பல கார்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம், அதற்கு ஜி.எஸ்.டி. வேறு. யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று, கையில் ஐம்பது யூரோ சில்லறை, போதும்.

ஒரு வேலையை மட்டும் மகளிடமே கொடுங்கள். நாடாளுமன்றத்தின் பார்வையாளர் பிரிவுக்கு, நாங்கள் முப்பது சட்ட மாணவர்கள், அவைக்கூட்டம் நடக்கும் நாளில் வர விரும்புகிறோம், எந்தத் தேதியில் இடம் இருக்கிறது என்று அவளே ஒரு மின்னஞ்சல் எழுதட்டும். பொறுப்பாசிரியருக்கும் ஒரு நகல். முன்பணம் கட்டக் கொடுத்த 15 நாளில் இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று தெரியவில்லை, அதனால் இன்று இரவே எழுதச் சொல்லுங்கள். பதில் வந்ததும், பணம் கட்டுவதற்கு முன்னால், எனக்கும் ஒரு வரி போடுங்கள்.