மண்டபத்தில் பேச்சு ஏன் புரிவதில்லை? கேள்வி பதில்

கல்யாண மண்டபம், தேவாலயம், பள்ளி அரங்கம் என்று முழக்கம் (பேச்சு நின்ற பிறகும் சுவர், கூரையில் மோதி நீளும் ஒலி) அதிகமுள்ள இடங்களுக்கு ஒலி அமைப்பதுதான் 26 வருடமாக என் தொழில். "சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை" என்பவர்கள் கேளுங்கள். ஹோம் தியேட்டரும் கார் ஸ்டீரியோவும் என் துறை இல்லை. ஒரு வேண்டுகோள்: நீளம், அகலம், உயரம், தரை என்ன, கூரை என்ன என்பதை எழுதிக் கேளுங்கள். அது தெரியாமல் நான் சொல்வது எதுவும் உங்களுக்கு உதவாது.

திண்டுக்கல் பக்கம், மண்டப மேலாளர்: எங்கள் மண்டபம் 30 மீட்டர் நீளம், 15 அகலம், 6 உயரம். கிரானைட் தரை, கான்கிரீட் கூரை, பக்கத்தில் கண்ணாடி. பக்கச் சுவர்களில் பக்கத்துக்கு நான்காக எட்டு பெரிய பாக்ஸ் மாட்டியிருக்கிறோம். வாழ்த்துரை ஒரு வார்த்தை புரியவில்லை. இன்னும் பெரிய பாக்ஸ் வாங்கலாமா?

வேண்டாம். முதலில் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியகத்தில் ஒரு விரிவுரை அறை. அங்கே பேசினால் யாருக்கும் புரியவில்லை. அதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் வேறொரு அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து அடுக்கி, ஒலி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று அளந்தார். அதிலிருந்து பிறந்த வாய்பாட்டைத்தான் இன்றும் நாங்கள் பயன்படுத்துகிறோம்: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறை ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் (ஒவ்வொரு பரப்பையும் அது உறிஞ்சும் பங்கால் பெருக்கிக் கூட்டியது) வகுத்தால் முழக்க நேரம், அதாவது ஒலி 60 டெசிபல் இறங்க எடுக்கும் நேரம் கிடைக்கும்.

உங்கள் மண்டபம் 2,700 கன மீட்டர். எல்லாப் பரப்பும் சேர்த்து 1,440 சதுர மீட்டர். கிரானைட், கான்கிரீட், கண்ணாடி எதுவும் ஒலியை அதிகம் உறிஞ்சாது. சராசரியாக நூற்றுக்கு ஐந்து பங்கு என்று தாராளமாக வைத்தாலும் 72 சதுர மீட்டர்தான். காலி மண்டபத்தில் முழக்கம் 6 நொடி. ஒரு ஆள் உட்கார்ந்தால் ஏறக்குறைய 0.45 சதுர மீட்டர் சேரும். 400 பேர் உட்கார்ந்தால் 1.7 நொடிக்கு வந்துவிடும். அறுபது பேர் வந்த வளைகாப்பு என்றால் 4 நொடிக்கு மேல். காலி மண்டபத்தில் மைக் டெஸ்ட் செய்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவது இதனால்தான்.

அடுத்து, தமிழ் எப்படிக் கெடுகிறது என்று பாருங்கள். உயிரொலிகளில் பலம் அதிகம். மெய்யொலிகள் மெலிந்தவை, அவற்றின் அடையாளம் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்சுக்கு மேலே இருக்கிறது. 'எடு', 'எட்டு' இரண்டையும் பிரிப்பது எது? 'எட்டு' என்னும்போது நாக்கு அடைத்துக்கொண்டு நிற்கும் அந்தச் சின்ன மௌனம்தான். முந்தைய எகரத்தின் முழக்கம் அந்த மௌனத்தை நிரப்பிவிட்டால் 'எட்டு' 'எடு'வாகிவிடும். பட்டு, பத்து, பக்கம், அப்பா என்று நம் மொழி முழுக்க இந்த மௌனங்கள்தான். சத்தத்தைக் கூட்டினால் முழக்கமும் அதே அளவு கூடும். அதனால் மௌனம் திரும்பக் கிடைக்காது.

உங்கள் எட்டு பாக்ஸில் ஒருவருடைய காதுக்கு நேராகப் பேசுவது ஒன்றோ இரண்டோதான். மற்ற ஆறும் எதிர்க் கண்ணாடியில் மோதி முழக்கத்துக்குத் தீனி போடுகின்றன. நேர் ஒலியும் முழக்கமும் சமமாகும் தூரம் ஒன்று உண்டு. அதுபோல மூன்று மடங்கு தூரம் வரைதான் பேச்சு ஓரளவு புரியும். சாதாரண பாக்ஸ் ஒன்றுக்கு, காலியான உங்கள் மண்டபத்தில் அந்தச் சம தூரம் 1.7 மீட்டர். பத்து மடங்கு ஒருமுகப்படுத்தும் சிறிய தூண் ஸ்பீக்கருக்கு (சின்ன ஸ்பீக்கர்களைச் செங்குத்தாக அடுக்கியது) 3.8 மீட்டர். 400 பேர் இருந்தால் 7 மீட்டர் வரை போகும்.

ஆக, மேடைக்கு இரு பக்கமும் ஒவ்வொரு தூண் ஸ்பீக்கர், ஒரு மீட்டர் உயரமுள்ளதாக, நடுப்பகுதி உட்கார்ந்தவர் தலைக்குச் சற்று மேலே வரும்படி, இலேசாகக் கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டுங்கள். பின்பாதிக்கு, 14 மீட்டர் தள்ளி இன்னொரு ஜோடி. ஒலி ஒரு மில்லி செகண்டில் 35 சென்டிமீட்டர் போகும். எனவே பின் ஜோடிக்கு 40 மில்லி செகண்ட் தாமதம் வைத்து, மேலும் ஒரு 10 முதல் 15 கூட்டுங்கள். முதலில் வந்த ஒலியின் திசையைத்தான் காது நம்பும் என்று 1949இல் ஹெல்முட் ஹாஸ் காட்டினார். அந்தத் தாமதத்தால் பின்வரிசைக்காரருக்கும் பேச்சு மேடையிலிருந்தே வருவதாகத் தோன்றும்.

கூரையில் 200 சதுர மீட்டருக்கு இரண்டு அங்குல ராக்வூல் (பாறை நார்) பலகை ஒட்ட முடிந்தால், கிட்டத்தட்ட 400 பேர் எப்போதும் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். பணம் இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள், ஸ்பீக்கர் அப்புறம்.

இன்றைக்கே காசில்லாமல் ஒன்று செய்யலாம். மேடையருகே உள்ள இரண்டு பாக்ஸை மட்டும் விட்டு ஆறையும் அணைத்துவிட்டு, அந்த இரண்டையும் ஜனங்கள் பக்கம் திருப்பிக் கேளுங்கள்.

கோவை, மாணவர்: தூண் ஸ்பீக்கர் எப்படி ஒருமுகப்படுத்துகிறது?

சின்னச் சின்ன ஸ்பீக்கர்களைச் செங்குத்தாக அடுக்கி ஒரே சமயத்தில் பேசவைக்கிறோம். நேர் எதிரே இருப்பவருக்கு எல்லா ஒலியும் ஒன்றாக வந்து கூடும். மேலேயோ கீழேயோ இருப்பவருக்கு முன்பின்னாக வந்து ஒன்றை ஒன்று அழிக்கும். அதனால் கூரைக்கும் தரைக்கும் ஒலி குறைகிறது. பக்கவாட்டில் மட்டும் அகலமாகப் பரவுகிறது. ஜனங்கள் உட்கார்ந்திருப்பதும் அப்படித்தானே.

எவ்வளவு நீளமோ அவ்வளவு பிடிப்பு. ஒரு மீட்டர் தூண் ஏறக்குறைய 350 ஹெர்ட்சுக்கு மேல் ஒலியைக் கட்டுப்படுத்தும். ஒரு அடித் தூண் 1,100க்கு மேல்தான். அதற்குக் கீழே அது சாதாரண பாக்ஸ் போலத்தான் நடந்துகொள்ளும். கைக்கடக்கமாக வேண்டும் என்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சின்னத் தூண் மாட்டினால் மிக்ஸரில் 150 ஹெர்ட்சுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். பேச்சுக்கு அது வேண்டியதில்லை, முழக்கம் மட்டும்தான் குறையும்.

இதைப் பெரிய அளவில் நிரூபித்த இடம் லண்டன் செயின்ட் பால்ஸ் தேவாலயம். காலியாக இருந்தால் பத்து நொடிக்கு மேல் முழங்கும் இடம். 1951இல் பார்க்கினும் டெய்லரும் அங்கே 11 அடித் தூண் ஸ்பீக்கர்களை வைத்து, சுழலும் காந்தச் சக்கரத்தில் ஒலியைப் பதிந்து தாமதித்து அனுப்பினார்கள். இன்று கையளவு மின்சுற்று செய்யும் வேலை அது.

தூணைப் படுக்கவைத்து மாட்டாதீர்கள். மேடைக்கு மேல் அழகாக இருக்கிறது என்று பல இடங்களில் படுக்கவைக்கிறார்கள். அப்படியானால் ஒலி கூரைக்கும் தரைக்கும் அகலமாகப் போய், ஓரத்தில் இருப்பவர்களுக்குக் குறையும். வாங்கிய பயனே தலைகீழாகிவிடும்.

சேலம்: 200 வாட் போதுமா?

அளவு எழுதவில்லையே. வாட் தெளிவைச் சொல்லாது.

கும்பகோணம் பக்கம், நாதஸ்வரக் கலைஞர்: மண்டபங்களில் எங்களுக்கு நல்ல மைக் தருவதில்லை. எந்த மைக் கேட்டு வாங்குவது?

ஐயா, உங்கள் கலையின் மேல் உள்ள மரியாதையோடு சொல்கிறேன்: மூடிய மண்டபத்தில் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் மைக் வேண்டாம். சாமி புறப்பாட்டில் நான்கு வீதிக்கும் கேட்பதற்காக உருவான வாத்தியம். 6 மீட்டர் கூரைக்குக் கீழே அதை மேலும் பெருக்கினால் மாங்கல்ய தாரண மந்திரம் யாருக்கும் கேட்காது. பந்தியில் எல்லோரும் கத்திப் பேசுவார்கள்.

அதே கலைஞர்: நீங்கள் சொல்வது சரியென்று வைத்துக்கொண்டாலும், எங்கள் சுருதிப் பெட்டி எங்களுக்கே கேட்பதில்லை. முன்பு ஒத்து ஊதுபவர் பக்கத்தில் இருந்தார். இப்போது பெட்டிதான். அதற்காகவாவது மைக் வேண்டாமா? மைக் இல்லாவிட்டால் தவில் நாதஸ்வரத்தை மூடிவிடும்.

மதுரை, சவுண்ட் சர்வீஸ் நடத்துபவர்: வீடியோக்காரர் தினமும் கேட்கிறார். மைக் இல்லாவிட்டால் நேரலையில் மேளம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்கள் அதைத்தான் கேட்கிறார்கள்.

திருச்சி, பெண்ணின் தகப்பனார்: போன மாதம் என் மகள் கல்யாணம். கெட்டிமேளத்துக்குப் பிறகும் அரை மணி நேரம் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. மைக்கை அணைக்கச் சொன்னால் கலைஞர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். நான் யாரிடம் சொல்வது?

மூன்று பேர் சொல்வதும் நியாயம்தான். நான் முதலில் ஒரேயடியாக "வேண்டாம்" என்றது தவறு. சுருதியை நான் யோசிக்கவில்லை, கலைஞர் அதை எடுத்துச் சொன்னதற்கு நன்றி.

மைக் வைப்பது வேறு, அதை மண்டப ஸ்பீக்கருக்கு அனுப்புவது வேறு. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் மைக் வையுங்கள். மிக்ஸரில் அதைத் தனி வழியாக வீடியோவுக்கு மட்டும் அனுப்புங்கள். மண்டப ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் கட்டையைக் கீழேயே வையுங்கள். சுருதிப் பெட்டியிலிருந்து ஒரு வயர் இழுத்து, கலைஞர்கள் முழங்காலருகே ஒரு சின்ன பாக்ஸை, அவர்கள் முகம் பார்த்து, ஒரு மீட்டருக்குள் வையுங்கள். அவ்வளவு அருகில் இருந்தால் குறைந்த சத்தமே போதும், மண்டபத்துக்குப் போகாது. தவில் அதிகம் என்றால் தவில்காரர் நாதஸ்வரக்காரருக்கு இரண்டடி பின்னால் உட்காரட்டும்.

தகப்பனாருக்கு: முகூர்த்தத்தன்று யாரும் கேட்க மாட்டார்கள். முன்பணம் கொடுக்கும் அன்றே சவுண்ட் சர்வீஸ்காரரையும் கலைஞரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசிவிடுங்கள்.

அதே கலைஞர்: சரி. ஆனால் திறந்தவெளிப் பந்தலில்?

பந்தலில் சுவர் இல்லை, முழக்கமும் இல்லை. அங்கே உங்கள் விருப்பம். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45.

பெயர் எழுதாதவர்: எங்கள் மண்டபத்தில் எதிரொலி. பெரிய பாக்ஸ் வாங்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஈரோடு: முட்டை அட்டை ஒட்டினால் முழக்கம் குறையுமா?

பேச்சுக்குத் தேவையான அளவு குறையாது. தீப்பிடிக்கும். ஒட்டாதீர்கள்.

யாழ்ப்பாணம், தேவாலயப் பாடகர் குழு: பீடத்தில் ஃபாதர் மெதுவாகப் பேசுகிறார். சத்தம் கூட்டினால் மைக் கூவுகிறது. நான்கு மைக் எப்போதும் திறந்தே இருக்கும்.

திறந்திருக்கும் மைக் இரட்டிப்பானால் கூவாமல் கூட்டக்கூடிய சத்தம் 3 டெசிபல் குறையும். நான்கு மைக் என்றால் 6 டெசிபல் போய்விட்டது. ஒன்றை மட்டும் திறந்து வையுங்கள், 6 திரும்பக் கிடைக்கும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்குங்கள், இன்னொரு 6. ஸ்பீக்கர் மைக்குக்கு முன்னால், ஜனங்கள் பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்றையும் செய்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டியிராது. ஃபாதரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: வேகத்தைக் குறைத்து, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டால் முழக்கம் அடங்க நேரம் கிடைக்கும்.

சென்னை: டார்ச் வெளிச்சம் போல ஒருவருக்கு மட்டும் கேட்கும் ஸ்பீக்கர் இருக்கிறதாமே, அதை மண்டபத்தில் வைக்கலாமா?

காதுக்குக் கேட்காத மீயொலியை அனுப்பி, அது காற்றில் போகும்போதே கேட்கும் ஒலியாக மாறும்படி செய்வது அது. 1963இல் வெஸ்டர்வெல்ட் எழுதிய கோட்பாடு. அருங்காட்சியகத்தில் ஒரு ஓவியத்தின் முன் நிற்பவருக்கு விளக்கம் சொல்ல அருமையானது. 400 பேருக்கு அதில் பலம் போதாது.

காஞ்சிபுரம், கல்லூரி மாணவி: பீஜப்பூர் கோல் கும்பஸ் குவிமாடத்தில் மெதுவாகப் பேசினாலும் எதிர்ப்பக்கம் கேட்கிறதே. அங்கே ஸ்பீக்கர் இல்லாமலே தெளிவு எப்படி வருகிறது?

நல்ல கேள்வி, இதற்காகவே உட்கார்ந்திருந்தேன். பீஜப்பூரில் குவிமாடத்தின் வளைந்த சுவரை ஒட்டியே ஒலி ஊர்ந்து போகிறது. மண்டபம் முழுக்கப் பரவாமல் சுவரோரமாகவே போவதால் பலம் அவ்வளவாகக் குறைவதில்லை. சர் சி. வி. ராமன் 1921இல் லண்டன் போனபோது செயின்ட் பால்ஸின் இரகசிய மாடத்தில் (குவிமாடத்தின் உட்புறம் சுற்றி ஓடும் மாடம்) இதைச் சோதித்து, சதர்லண்டுடன் சேர்ந்து எழுதினார். பீஜப்பூர் குவிமாடத்தையும் ஆராய்ந்திருக்கிறார். மேலே நான் சொன்ன 11 அடித் தூண்கள் நின்றதும் அதே செயின்ட் பால்ஸில்தான். மாடத்தில் கிசுகிசுப்பு தெளிவாகக் கேட்கும், கீழே பேசும் பிரசங்கம் புரியாது. ஒரே கட்டடம். மாடத்தில் சுவர் ஒலியை ஒரே வழியில் கொண்டுபோகிறது. கீழே அதே ஒலி நூறு வழியில் சிதறி வருகிறது.

கரூர்: எந்த பிராண்ட் வாங்கலாம்?

தேனி: பட்ஜெட்டில் நல்ல பிராண்ட்?

இருவருக்கும் சேர்த்து: பிராண்ட் சொல்ல மாட்டேன். கடைக்காரரிடம் செங்குத்தாக எத்தனை டிகிரி பரப்பும், எந்த அதிர்வெண்ணிலிருந்து என்று கேளுங்கள். தாளில் காட்ட முடியாதவரிடம் வாங்காதீர்கள்.

நாகர்கோவில்: தூணை 4 மீட்டர் உயரத்தில் ஆணியடித்து மாட்டலாமா?

ஆணியில் கூடாது. ஆங்கர் போல்ட், அதோடு தனியாக ஒரு இரும்புக் கம்பிக் கயிறு இன்னொரு பிடியில். நான் பார்க்கப் போன ஒரு மண்டபத்தில் பந்தி முடிந்து அரை மணி நேரத்தில் பாக்ஸ் விழுந்து இரண்டு நாற்காலி உடைந்தது. அரை மணிக்கு முன் அங்கே குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது பிடிமானம் இல்லாமல் எதையும் ஆட்கள் தலைக்கு மேல் மாட்டாதீர்கள். திண்டுக்கல் நண்பருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இதேதான்.

பெயர் எழுதாதவர்: 200 வாட் பாக்ஸ் எட்டு போட்டால் எதிரொலி போகுமா?

போகாது.

திண்டுக்கல் மேலாளர்: ஆறு பாக்ஸை அணைத்துவிட்டேன். இன்று ஒரு நிச்சயதார்த்தம், சுமார் 150 பேர். பாதி மண்டபம் வரை புரிகிறது, பின்னால் இன்னும் இல்லை. எப்படி அளப்பது?

150 பேருக்கு உங்கள் முழக்கம் 3 நொடி. பின்னால் புரியாதது கணக்குப்படிதான். ஒரு தாளில் இருபது சொல் எழுதுங்கள்: எடு, எட்டு, படு, பட்டு, கடல், கடன், மணம், பணம் இப்படி. வரிசையை மாற்றி ஒருவர் மைக்கில் படிக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் "அடுத்து வரும் சொல்" என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டும். ஐந்தாவது, பதினைந்தாவது, கடைசி வரிசையில் மூன்று பேர் கேட்டதை எழுதட்டும். எந்த வரிசையில் இருபதுக்குப் பதினாறுக்குக் கீழே போகிறதோ, அதற்கு இரண்டு வரிசை முன்னால் இரண்டாவது ஜோடியை மாட்டுங்கள். ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது செய்யுங்கள்.