கடை வாசல்: கவனம் எங்கே போயிற்று?

(கும்பகோணம் பெரிய தெருவில் 38 ஆண்டுகள் பாத்திரக்கடை நடத்திவிட்டு, சாவியை மகனிடம் கொடுத்திருப்பவர் சிறுவணிகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி.)

கேள்வி: ஐயா, போர்வை, துண்டு விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். ஒருநாள் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த என் மகன், "மைண்ட்ஃபுல்னஸ் பழகினால் தலைமைப் பண்பு வளரும், விற்பனை கூடும்" என்கிறான். தினமும் கடை திறந்ததும் எல்லோரும் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்கார வேண்டுமாம். போணியாகிற நேரத்தில் கண்ணை மூடினால் கடை விளங்குமா?
– வாசகர், ஈரோடு

பதில்: போணி நேரத்தில் கண்ணை மூட வேண்டாம். அதற்காக மகன் சொன்னதை மொத்தமாகத் தள்ளிவிடவும் வேண்டாம்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்த்துவிடுவோம். பழைய புத்த நூல்களின் மொழியான பாலியில் 'சதி' என்று ஒரு சொல் இருக்கிறது. வடமொழி 'ஸ்மிருதி'க்கு உறவு. நினைவு, மறவாமை என்று பொருள். (பங்காளிகள் செய்கிற சதி வேறு.) அந்தப் பாலிச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர்தான் மைண்ட்ஃபுல்னஸ், அதாவது இப்போது செய்கிற காரியத்திலேயே மனதை வைத்திருப்பது. 1979இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் என்பவர், தீராத வலியோடு அலைந்த நோயாளிகளுக்காகச் சில வாரப் பயிற்சியாக இதைத் தொடங்கினார். பிறகுதான் இது கம்பெனிகளுக்குள் நுழைந்தது. கூகுளில் 2007இல் சேட்-மெங் டான் என்ற பொறியாளர் சக ஊழியர்களுக்கு வகுப்பு ஆரம்பித்தார். ஆனால் இவர்களுக்கெல்லாம் முன்பே பர்மாவில் ஊ பா கின் என்று ஒருவர் இருந்தார். 1948இல் அந்த நாடு விடுதலை பெற்றபோது தலைமைக் கணக்காயர் ஆனவர். தன் அலுவலக ஊழியர்களுக்கே தியானம் சொல்லிக்கொடுத்தார். கணக்கு எழுதுகிற மனிதர் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

என் கடையில் நடந்ததைச் சொல்கிறேன், 2003இல். ஒரு கல்யாண வீட்டார் தாம்பூலத்தோடு கொடுக்க 200 எவர்சில்வர் சம்புடம் கேட்டிருந்தார்கள். மூடியில் மணமக்கள் பெயரும் தேதியும் வெட்டித் தர வேண்டும். பெயர் வெட்டுகிற ஆள் அன்று வரவில்லை, நானே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கருவியைப் பிடித்தவர்களுக்குத் தெரியும், பேனா மாதிரிதான் இருக்கும், கிர்ரென்று அதிர்ந்துகொண்டே இருக்கும், பத்துச் சம்புடம் முடிவதற்குள் விரல் நுனி மரத்துப்போகும். ஆரம்பிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால்தான் மொத்த வியாபாரி ஒருவர் போனில் கூப்பிட்டு, நான் கொடுத்த செக் திரும்பிவிட்டதென்று கத்தியிருந்தார். கை வெட்டிக்கொண்டிருந்தது. மனம் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது, "26ஆம் தேதி போட்ட செக்கை நீ ஏன் முன்னாலேயே கொண்டுபோனாய்" என்று.

கல்யாணத் தேதி 11. நான் 140 மூடிகளில் 26 என்று வெட்டியிருந்தேன்.

எவர்சில்வரில் வெட்டியதை அழிக்க முடியாது. பாலிஷ் போட்டாலும் நிழல் மாதிரித் தெரியும். அத்தனையையும் எடைக்குப் போட்டேன். ஆனால் உங்களுக்கு நான் சொல்லவந்தது அந்த நஷ்டத்தை அல்ல. என் எதிரில் உட்கார்ந்து மூடிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்த பையன், முப்பதாவது மூடியிலேயே தப்பைக் கவனித்துவிட்டானாம். "ஏண்டா சொல்லவில்லை?" என்று கேட்டேன். "உங்கள் முகத்தைப் பார்த்தேன், பயமாக இருந்தது" என்றான். முதல் முப்பது மூடி என் கவனக்குறைவு. மிச்சம் 110 மூடியும் என் முகத்துக்கு நான் கொடுத்த விலை.

எனவே மகனிடம் இப்படிச் சொல்லுங்கள். நாம் ஏற்கெனவே தினமும் கடை திறந்து, பெருக்கித் தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்கும் கல்லாவுக்கும் ஊதுபத்தி காட்டுகிறோம். அந்த இரண்டு நிமிடமும் நம் மனம் பாங்கிலோ பார்சல் ஆபீஸிலோ இருக்கிறது. அதை அந்த இரண்டு நிமிடமாவது கடைக்குள் வைத்துப் பாருங்கள். புகையைப் பாருங்கள், மூச்சைப் பாருங்கள், பிறகு திரும்பி ஆறு பேர் முகத்தையும் ஒருமுறை பாருங்கள். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை என்று பாதி அப்போதே தெரிந்துவிடும். விற்பனை கூடுமா என்றால், அந்த உத்தரவாதத்தை நான் தரமாட்டேன். பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்கள் தருகிறார்கள், அது அவர்கள் வியாபாரம்.

கேள்வி: இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறேன். கோபம் வந்தால் வாய் நிற்பதில்லை. வேலைக்கு வரும் பையன்கள் மூன்று மாதத்துக்கு மேல் தங்குவதில்லை. எவ்வளவோ முயன்றும் அடக்க முடியவில்லை.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அடக்குவதை விட்டுவிடுங்கள் தம்பி. அடக்கிய கோபத்தை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் ரசத்தில் உப்பில்லை என்று கொட்டியிருக்கிறேன்.

கோபம் வாய்க்கு வருவதற்கு முன் உடம்பில் எங்கோ தலைகாட்டும். எனக்குக் காது மடலில். அதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. "உங்கள் காது சிவந்தால் நான் அடுக்களைக்குப் போய்விடுவேன், இருபது வருடமாக அப்படித்தான்" என்று என் மனைவி ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள். உங்களுக்கு எங்கே வருகிறது என்று வீட்டில் கேளுங்கள். தாடையாக இருக்கலாம், வயிறாக இருக்கலாம். அந்த இடத்துக்கும் வாய்க்கும் நடுவில் கொஞ்சம் தூரம் இருக்கிறது. பிழைப்பு நடக்க அது போதும்.

காது சூடேறியதும் நான் மேஜைமேல் கிடக்கும் அரைக்கிலோ எடைக்கல்லைக் கையில் எடுப்பேன். இரும்பு சில்லென்று இருக்கும். அதன் கனத்தை உணர்ந்து, மூச்சை ஒருமுறை முழுக்க வெளியே விடுவேன். கல்லைக் கீழே வைக்கும்வரை பேச்சில்லை. நீங்கள் பட்டறைக்காரர், தயவுசெய்து ஸ்பேனரை எடுத்துவிடாதீர்கள். உங்களிடம் கை துடைக்கிற வேஸ்ட் துணி இருக்குமே, அதை எடுத்து ஐந்து விரலையும் ஒவ்வொன்றாகத் துடையுங்கள். நகக்கண்ணில் இருக்கிற கிரீஸைப் பார்த்துத் துடையுங்கள். அதற்குப் பிறகும் திட்ட வேண்டும் என்றால் திட்டுங்கள். ஆனால் அந்தப் பையனைத் தனியே கூப்பிட்டு, செய்த வேலையைப் பற்றி மட்டும் பேசுங்கள். அவன் அம்மாவை இழுக்காதீர்கள். வாடிக்கையாளர் முன்னால் திட்டியிருந்தால், மன்னிப்பையும் வாடிக்கையாளர் முன்னாலேயே கேளுங்கள். நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். முதல் முறை நாக்கு எழவே இல்லை.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். சம்பளம் ஒன்றாம் தேதி கொடுக்கிறீர்களா? பக்கத்துப் பட்டறையைவிடக் குறைவா? அப்படியானால் பையன்கள் போவது உங்கள் கோபத்தால் மட்டும் அல்ல. நீங்கள் எவ்வளவு அமைதியானாலும் அவர்கள் போகத்தான் செய்வார்கள்.

கேள்வி: வீட்டிலேயே தேன்குழல், சீடை, அதிரசம் செய்து விற்கிறேன். விலை சொன்னதும் எதிரில் இருப்பவர் பேசாமல் இருந்தால் எனக்குப் படபடப்பாகிவிடுகிறது. அவர் கேட்பதற்கு முன் நானே இருபது ரூபாய் குறைத்துவிடுகிறேன். வாட்ஸ்அப்பிலும் இதே கதைதான்.
– வாசகி, காரைக்குடி

பதில்: அம்மா, எனக்கும் இதே வியாதி இருந்தது. என் அப்பா காலை மிதித்துக் குணப்படுத்தினார்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். ஓர் அம்மாள் குத்துவிளக்குக் கேட்டு வந்தார். நாச்சியார்கோயில் விளக்கு, ஓர் ஆள் தூக்கத் திணறுகிற கனம். எடை போட்டு விலை சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். உச்சியில் இருந்த அன்னத்தைத் திருகிக் கழற்றினார். எண்ணெய்த் தட்டைக் கழற்றி ஐந்து முகத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். தண்டை நகத்தால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டார். அடிப்பாகத்தைத் தரையில் வைத்து ஆடுகிறதா என்று பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் மறுபடி பூட்டி நிறுத்திவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது, "நூறு ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று. கல்லாவுக்குக் கீழே அப்பாவின் குதிகால் என் பாதத்தின்மேல் அழுந்தியது. வலியில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த அம்மாள் நிமிர்ந்து, "இதற்கு ஜோடி இருக்கிறதா?" என்று கேட்டார்.

எதிராளி பேசாமல் இருக்கிறபோது அவர் 'வேண்டாம்' என்று நினைப்பதாக நாமே கதை கட்டிக்கொள்கிறோம். அவர் பேத்தியை நினைத்துக்கொண்டிருக்கலாம், மணிபர்ஸில் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கலாம். நம் மனம் கட்டுகிற கதையைக் கதை என்று தெரிந்துகொள்வதுதான் இந்தப் பயிற்சியில் பாதி. நடைமுறைக்கு ஒன்று சொல்கிறேன். விலை சொன்னதும் உங்கள் பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள், ஐந்து மூச்சு எண்ணுங்கள். அதற்குள் அவர் ஏதாவது பேசிவிடுவார். வாட்ஸ்அப்பில் நீல நிற டிக் வந்து பதில் வராவிட்டால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த ஈட்டுக்கு மாவைப் பிசையுங்கள். அரிசி, வெண்ணெய், எண்ணெய், வெல்லம், சிலிண்டர், உங்கள் கூலி எல்லாவற்றையும் கூட்டி, கிலோவுக்கு அடக்கவிலை என்ன என்று எழுதி அடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அடக்கவிலை தெரியாதவருக்கு எத்தனை மூச்சு எண்ணினாலும் படபடப்பு அடங்காது.

கேள்வி: தியானத்துக்கு உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிடம் தூங்கிவிடுகிறேன். என்ன செய்ய?
– வாசகர், விருதுநகர்

பதில்: தூங்குங்கள். தூக்கத்தில் உங்களுக்குப் பாக்கி நிறைய இருக்கிறது. அதை அடைத்துவிட்டு உட்காருங்கள்.

கேள்வி: கடன் ஏறிவிட்டது. இரவில் தூக்கமில்லை. பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போய்வந்தால் தெளிவு வரும் என்கிறார்கள். போகலாமா?
– பெயர் வேண்டாம், சேலம்

பதில்: அந்த முகாம்களைப் பரப்பிய கோயங்காவும் வணிகர்தான். பர்மாவில் மாண்டலேயில் பிறந்தவர். தாங்கமுடியாத ஒற்றைத் தலைவலியோடு, நான் மேலே சொன்ன கணக்காயர் ஊ பா கினிடம் போனார். தலைவலிக்காக மட்டும் என்றால் சேர்த்துக்கொள்ள முடியாது என்று முதலில் அவர் மறுத்துவிட்டார். இந்தக் கலையை அத்தனை சின்னக் காரியத்துக்குக் கேட்காதே என்பது அவர் கருத்து. அதே கோயங்கா 1969இல் இந்தியா வந்து கற்பிக்கத் தொடங்கினார். மகாராஷ்டிரத்தில் இகத்புரி மையம் 1976இல் வந்தது. சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்திலும் ஒரு மையம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் தருகிற நன்கொடையில் நடக்கிறது. விடியற்காலை 4 மணிக்கு எழுப்புவார்கள். பேச்சு கிடையாது, போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

இந்தக் கடைசி விஷயத்தால்தான் உங்களை இப்போது போக வேண்டாம் என்கிறேன். கடன் கொடுத்தவர்கள் பத்து நாள் உங்களைக் கூப்பிட்டுக் கிடைக்காவிட்டால், ஓடிவிட்டார் என்று ஊரில் பேச்சாகிவிடும். முதலில் ஒரு நோட்டில் யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி என்று எழுதுங்கள். எழுதும்போது நெஞ்சு அடைக்கும். அடைக்கட்டும், மூச்சை விட்டுவிட்டு அடுத்த வரியை எழுதுங்கள். பிறகு கடன்காரர்களிடம் நீங்களே போய்ப் பேசித் தவணை கேளுங்கள். தூக்கமின்மை வாரக்கணக்கில் போகிறது என்றால், உயிர்மேலேயே வெறுப்பு வருகிறது என்றால், முகாமுக்கு அல்ல, மருத்துவரிடம் இன்றே போங்கள். வீட்டில் ஒருவரிடமாவது முழுத் தொகையைச் சொல்லுங்கள். முகாமுக்கு அடுத்த ஆடி மாதம் போய்க்கொள்ளலாம்.

கேள்வி: வியாபாரம் நன்றாகப் போய்க்கொண்டிருப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு?
– வாசகர், திருப்பூர்

பதில்: உங்களுக்குத்தான் முதலில் வேண்டும். திருக்குறளில் 54ஆம் அதிகாரம் பொச்சாவாமை. பொச்சாப்பு என்றால் மறதி, சோர்வு. பாலிக்காரர் சொன்ன மறவாமையே நம்மிடமும் இருக்கிறது. அதன் முதல் குறள் கோபத்தையும் மகிழ்ச்சியையும் தராசில் வைக்கிறது. அளவுமீறிய கோபத்தைவிட, மகிழ்ச்சி மிதப்பில் வருகிற மறதி பொல்லாதது என்கிறது.

ஒரு வைகாசி முகூர்த்தத்துக்கு முதல்நாள். கடையில் நிற்க இடமில்லை. சின்னப் பித்தளைச் சாமான்களை ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டு எடை போடுவோம், கூடையின் எடையைத் தராசில் முன்பே கழித்துவைத்திருப்போம். மத்தியானம் மின்சாரம் போய் வந்திருக்கிறது. தராசு பழையபடி கூடையையும் சேர்த்தே எடை காட்டியிருக்கிறது. எனக்கு அன்று தலைகால் புரியாத சந்தோஷம், கல்லா மூடவில்லை. ராத்திரி கடை சாத்தும்போது வெறும் கூடையைத் தராசில் வைத்த பையன், "350 காட்டுகிறதே" என்றான். (மூடி துடைத்த அதே பையன்தான். இப்போது என் முகத்தைப் பார்க்காமலே சொல்லக் கற்றிருந்தான்.)

மத்தியானத்துக்குப் பிறகு கூடையில் எடை போட்ட பில்கள் பதினொன்று. ஒவ்வொன்றிலும் 350 கிராம் பித்தளைக்குக் கூடுதலாகக் காசு வாங்கியிருந்தோம். ஒன்பது பேர் பில்லில் போன் நம்பரோ ஊர் விலாசமோ இருந்தது. நாலு நாளில் எல்லோருக்கும் பணம் போய்ச் சேர்ந்தது. ஒருவர் வாங்க மறுத்து, அதற்குப் பதிலாக ஒரு கரண்டி எடுத்துக்கொண்டார். மற்ற இரண்டு பில்களில் பெயர்கூட இல்லை. அவை இன்னும் கல்லாவுக்குள், சில்லறைத் தட்டுக்குக் கீழே இருக்கின்றன.