சிகாகோவின் கப்ஸ் ரசிகர்களும் வைட் சாக்ஸ் ரசிகர்களும் ஒருவரையொருவர் ஏன் இவ்வளவு வெறுக்கிறார்கள்?

கேள்வியில் உள்ள 'ஒருவரையொருவர்' என்ற சொல்லை முதலில் திருத்திக்கொள்ள வேண்டும். இரண்டும் சிகாகோவின் பேஸ்பால் அணிகள். வைட் சாக்ஸ் ரசிகர் கப்ஸ் அணியை மனதார வெறுப்பார். கப்ஸ் ரசிகரோ அதே ஊரில் இன்னோர் அணி இருப்பதையே பாதி நேரம் மறந்திருப்பார். அவருக்குப் பரம்பரைப் பகை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியோடுதான். தன்னை எதிரியாகக்கூட மதிக்காதவனை எதிர்த்துக்கொண்டிருப்பதில் ஒரு தனிக் கசப்பு உண்டு. அந்தக் கசப்பை நீக்கிவிட்டால் இந்தப் போட்டியில் மிஞ்சுவது ஆண்டுக்குச் சில ஆட்டங்கள் மட்டுமே.

2012 முதல் 2018 வரை நான் சிகாகோவில் வேலை பார்த்தேன். வடக்குப் பகுதியில் குடியிருந்ததால், யோசிக்காமலே கப்ஸ் தொப்பி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். எனக்கு இரண்டு மேசை தள்ளி, தெற்கே பிரிட்ஜ்போர்ட் பகுதியில் பிறந்து வளர்ந்த மூத்தவர் ஒருவர் இருந்தார். தொப்பியைப் பார்த்துவிட்டு, "தெரியாமல் செய்தது, மன்னிக்கலாம்" என்று சொன்னார். பேஸ்பாலைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொல்லிக் கொடுத்ததுதான்.

நகரின் வடக்கையும் தெற்கையும் இணைத்து ஓடும் சிவப்புத் தட ரயிலில் ஏறி, அடிசன் நிலையத்தில் இறங்கினால் கப்ஸின் ரிக்லி ஃபீல்ட். 35ஆம் தெரு நிலையத்தில் இறங்கினால் வைட் சாக்ஸ் மைதானம். இடையே ஏறத்தாழ எட்டு மைல்தான். இரு அணிகளும் மோதும் நாளில் கப்ஸின் நீலச் சட்டைகளும் வைட் சாக்ஸின் கறுப்புச் சட்டைகளும் ஒரே பெட்டியில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். வடக்கு பணக்காரப் பகுதி, தெற்கு உழைப்பாளிகளின் பகுதி என்று சுருக்கிச் சொல்வது வழக்கம். இறைச்சிக் கூடங்களில் உழைத்த ஐரிஷ், போலந்து, லித்துவேனியக் குடும்பங்களும், பெரும் எண்ணிக்கையிலான கறுப்பின மக்களும் தெற்கில் வாழ்ந்தார்கள் என்பது உண்மை; ஆனாலும் இன்று வடக்கில் வாடகைக்குத் திணறுபவர்களையும் தெற்கில் வசதியாக வாழ்பவர்களையும் நான் நிறையப் பார்த்திருப்பதால், அந்தச் சுருக்கத்தை முழுமையாக நம்ப மாட்டேன்.

வெளியூர்க்காரர்களுக்கு வியப்பளிப்பது, இரு அணிகளும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் புள்ளிப் பட்டியலில் கணக்கு வைக்கப்படும் ஓர் ஆட்டத்தில்கூட மோதிக்கொள்ளவில்லை என்பதுதான். கப்ஸ் நேஷனல் லீக்கிலும் வைட் சாக்ஸ் அமெரிக்கன் லீக்கிலும் இருந்ததால், உலகத் தொடர் எனப்படும் இறுதிச் சுற்றில்தான் இருவரும் சந்திக்க முடியும். அது நடந்தது ஒரே ஒரு முறை, 1906இல். அந்த ஆண்டு கப்ஸ் 116 ஆட்டங்களில் வென்று, வெறும் 36இல் தோற்றிருந்தது. வைட் சாக்ஸ் அணியோ தன் லீக்கிலேயே மிகக் குறைந்த மட்டைச் சராசரியை வைத்திருந்ததால், 'அடியே அடிக்காத அதிசயக்காரர்கள்' என்று கேலிப் பெயர் வாங்கியிருந்தது. அந்த அணிதான் நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் கோப்பையைத் தட்டிச் சென்றது. அதன் பிறகு 1942 வரை பருவம் முடிந்ததும் நகரத் தொடர் என்ற பெயரில் அவ்வப்போது கண்காட்சி ஆட்டங்கள் நடந்தன. அவற்றிலும் பெரும்பாலும் வைட் சாக்ஸுக்கே வெற்றி. லீக்குகளுக்கு இடையிலான ஆட்டங்கள் தொடங்கிய 1997இல்தான் இருவரும் மறுபடியும் முறையான ஆட்டத்தில் நேருக்கு நேர் நின்றார்கள். எனவே, இந்தப் பகையை வளர்த்ததில் மைதானத்துக்குப் பங்கு குறைவு.

என் கணிப்பில், பெரும் பங்கு தொலைக்காட்சிக்கு உரியது. ஹாரி கேரே என்ற புகழ்பெற்ற வர்ணனையாளர் எழுபதுகளில் வைட் சாக்ஸுக்காகப் பேசிக்கொண்டிருந்தார். ஏழாவது இன்னிங்ஸ் இடைவேளையில் ஒலிபெருக்கியில் பாட்டுப் பாடி, அரங்கம் முழுவதையும் கூடப் பாட வைக்கும் வழக்கத்தை அவர் தெற்கில்தான் தொடங்கினார். 1982இல் வைட் சாக்ஸ் உரிமையாளர்கள் தங்கள் ஆட்டங்களில் பெரும்பகுதியைக் கட்டணத் தொலைக்காட்சிக்கு மாற்றியபோது, கேரே கப்ஸுக்குப் போய்விட்டார். கப்ஸின் ஆட்டங்களோ டபிள்யூ.ஜி.என். அலைவரிசை வழியாக நாடு முழுவதும் கேபிள் இணைப்பு இருந்த வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன. பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் எந்த மாநிலத்தில் இருந்தாலும் பகல் வெயிலில் பச்சைப் படர்கொடி மூடிய ரிக்லி மதில்களைப் பார்த்தே வளர்ந்தார்கள். இன்று கேரேயின் சிலையும் ரிக்லியில்தான் நிற்கிறது. பாட்டையும் பாடகரையும் சேர்த்துப் பறிகொடுத்த கதையாக இதை எங்கள் அலுவலகத்து மூத்தவர் சொல்வார்.

1988ஆம் ஆண்டுக் கோடையை நினைத்துப் பார்த்தால் இரு தரப்பின் நிலையும் விளங்கும். வடக்கில் அப்போது நடந்த பெரிய சச்சரவு, ரிக்லி ஃபீல்டில் இரவு விளக்குகள் போடலாமா கூடாதா என்பது. ஆகஸ்ட் மாதத்தில் விளக்குகள் எரிந்தன. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, புதிய மைதானம் கிடைக்காவிட்டால் வைட் சாக்ஸ் ஃபுளோரிடாவுக்கே குடிபெயரும் என்ற நிலை இருந்தது. ஜூன் 30 நள்ளிரவுக்குள் இல்லினாய் சட்டமன்றம் நிதி மசோதாவை நிறைவேற்றியாக வேண்டும். ஆளுநர் ஜிம் தாம்சன் உறுப்பினர்களிடம் நடந்து நடந்து வாக்குக் கேட்டார். நள்ளிரவு தாண்டாமல் இருக்க அவைக் கடிகாரம் நிறுத்தப்பட்டது என்பது இன்றும் ஊரறிந்த கதை. ஒரே நகரம், ஒரே கோடை. ஒருவருக்கு விளக்கு பற்றிய கவலை, மற்றவருக்கு வீடு பற்றிய கவலை.

கைகலப்பும் இல்லாமலில்லை. 2006 மே மாதம், தெற்கு மைதானத்தில், வைட் சாக்ஸின் ஏ.ஜே. பியர்சின்ஸ்கி ரன் எடுக்கத் தொட வேண்டிய தட்டான ஹோம் பிளேட்டை நோக்கி ஓடிவந்து, அங்கே பந்து பிடிக்க நிற்கும் கப்ஸின் கேட்சர் மைக்கேல் பாரெட்டை மோதித் தள்ளி ரன் எடுத்தார்; எடுத்த பெருமிதத்தில் பிளேட்டைக் கையால் ஓங்கித் தட்டினார். எழுந்த பாரெட் அவரைக் கட்டிப்பிடித்து நிறுத்தி, முகத்தில் ஒரு குத்து விட்டார். பத்து ஆட்டத் தடை கிடைத்தது. அந்தக் குத்தின் புகைப்படத்தைத் தெற்குப் பகுதி மதுக்கடைச் சுவர்களில் நான் பார்த்திருக்கிறேன். அடித்தவர் கப்ஸ்காரர் என்றாலும், அந்த ஆட்டத்தில் வென்றது வைட் சாக்ஸ்.

ஆனாலும் உண்மையான புண் வேறிடத்தில் இருக்கிறது. வைட் சாக்ஸ் 2005இல் உலகத் தொடரை வென்றபோது அது 88 ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் வந்த வெற்றி. ஹூஸ்டன் அணியை நான்கே ஆட்டங்களில் முடித்திருந்தார்கள். கப்ஸ் 2016இல் 108 ஆண்டுகளுக்குப் பின் வென்றது. பிந்தையதை உலகமே கொண்டாடியது. தன் வளர்ப்பு ஆட்டோடு ரிக்லியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒருவர் கப்ஸுக்கு இட்டதாகச் சொல்லப்படும் சாபம் முதல் கடைசி ஆட்டத்து இரவின் மழை இடைவேளை வரை எல்லாம் செய்தியாயின. 'சிகாகோவுக்கு நூறாண்டுக்குப் பின் கோப்பை' என்கிற தொனியில் பலர் பேசிக்கொண்டிருந்த மறுநாள் காலை, அலுவலகமே நீலமாக இருந்தது. மூத்தவர் மட்டும் 2005 என்று பொறித்த, ஓரம் நைந்த கறுப்புத் தொப்பியோடு வந்து உட்கார்ந்தார். யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் நடந்ததை இத்தனை பேர் மறந்துபோனதுதான் அவருக்கு வலி.

2025இல் போப்பாண்டவராகத் தேர்வான பதினான்காம் லியோ சிகாகோப் புறநகர்க்காரர் என்று தெரிந்ததும், அவர் கப்ஸ் ரசிகர் என்று ரிக்லியின் வாயில் பலகையிலேயே அவசரமாக எழுதிவிட்டார்கள். அவருடைய அண்ணன் மறுத்தார்: எப்போதும் வைட் சாக்ஸ்தான் என்றார். 2005 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தை லியோ அரங்கில் இருந்து பார்க்கும் காட்சியும் கிடைத்தது. 2024இல்தான் 121 ஆட்டங்களில் தோற்று, நவீன காலத்தின் மிக மோசமான சாதனையைப் படைத்திருந்த அணி அது. அன்று மூத்தவரிடமிருந்து எனக்கு வந்த செய்தியில் ஒரு வெள்ளைக் காலுறையின் படம் மட்டும் இருந்தது.

யார் பக்கம் நான் என்று கேட்டால், மழுப்பாமல் சொல்கிறேன். ரிக்லியின் அழகுக்கு ஈடில்லை. உள்ளே ஆள் நின்று கையால் எண்களை மாற்றும் அந்தப் பச்சை நிறப் புள்ளிப் பலகையைப் பார்க்கவே காசு கொடுக்கலாம். இருந்தும், 1990இல் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்ட, வைட் சாக்ஸின் பழைய மைதானமான காமிஸ்கி பார்க் இருந்த வாகன நிறுத்துமிடத்துக்கு மூத்தவர் ஒருநாள் என்னை அழைத்துப் போனார். பழைய ஹோம் பிளேட் இருந்த இடத்தில் ஒரு பளிங்குப் பலகையைப் பதித்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் மட்டை பிடிப்பவர் நிற்கும் இடத்தில் அவர் கால்களை அகற்றி நின்று, வரிசையாக நின்ற கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் நீலத் தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்தேன். பிறகு அதை எடுத்து அணியவே இல்லை.