‘ஸ்டெடி’ என்றால் நிற்பதா, நகர்வதா?

கேள்வி: ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். விற்பனை அறிக்கை ஒன்றில் ‘ஸ்டெடி டிக்ளைன்’ என்று வந்தது. ‘நிலையான சரிவு’ என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவர் சிவப்பு மையால் சுழித்துவிட்டார். ஸ்டெடி என்றால் நிலையானது என்றுதானே அகராதி சொல்கிறது? ஸ்டெடியும் ஸ்டேபிளும் ஒன்றா, வேறா?

பதில்: அகராதி பொய் சொல்லவில்லை. சுழித்தவர் செய்ததும் சரிதான். ‘நிலையான சரிவு’ என்பதை ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நிலையாக நிற்பது எப்படிச் சரியும்?

ஸ்டெடி என்ற சொல் நிற்பதற்கும் வரும், நகர்வதற்கும் வரும். நிற்பதைப் பற்றிப் பேசினால் ஆடாமல், மாறாமல் என்று பொருள். நகர்வதைப் பற்றிப் பேசினால், அந்த நகர்வு விட்டுவிட்டு நடக்காமல் ஒரே போக்கில் தொடர்கிறது என்று பொருள். ‘ப்ரைசஸ் ஆர் ஸ்டெடி’ என்றால் விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ‘எ ஸ்டெடி ரைஸ் இன் ப்ரைசஸ்’ என்றால் விலை ஏறிக்கொண்டே போகிறது. சொல் ஒன்றுதான், வாங்குபவருக்கு முதலாவது நிம்மதி, இரண்டாவது தலைவலி.

அதனால் ஸ்டெடியைப் பார்த்ததும் பேனாவை எடுக்காதீர்கள். அடுத்த சொல் என்ன என்று பாருங்கள். கை என்றால் நடுங்காத கை. மேசை என்றால் ஆடாத மேசை. மழை என்றால் விடாமல் பெய்யும் மழை. வேலை என்றால் நிரந்தர வேலை. இங்கே ‘நிலையான’ என்றும் தாராளமாக எழுதலாம். பார்வை என்றால் வைத்த கண் வாங்காத பார்வை. தமிழில் இத்தனை சொற்கள் இருக்கும்போது எல்லாவற்றையும் ‘நிலையான’ என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு மூட வேண்டாம்.

வேரைப் பார்த்தால் கொஞ்சம் தெளியும். பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டெட்’ என்றால் இடம். ‘இன்ஸ்டெட்’ என்பதில் இருப்பதும் அதுதான்: ஒன்றின் இடத்தில் இன்னொன்று. ஸ்டேபிள் லத்தீன் வழியாக வந்தது. ‘ஸ்டாரே’ என்றால் நிற்பது. குதிரை லாயத்துக்கும் ஸ்டேபிள் என்ற பெயர் வந்தது அந்த வேரிலிருந்துதான். இன்னும் பின்னால் போனால் ஸ்டெடி, ஸ்டேபிள், நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட ஸ்திரம், ஸ்தானம் எல்லாமே ஒரே பழைய குடும்பம். நம் ‘நிலை’ அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததில்லை என்றாலும், ‘நில்’ என்பதிலிருந்து பிறந்து அதே வேலையைச் செய்கிறது.

சரி, இரண்டும் எங்கே பிரிகின்றன? ஒரு கிண்ணத்துக்குள் கோலிக்குண்டைப் போட்டு விரலால் தட்டுங்கள். அப்படியும் இப்படியும் ஓடிவிட்டுப் பழையபடி அடியில் வந்து நிற்கும். அது ஸ்டேபிள்: தட்டினாலும் தன் இடத்துக்குத் திரும்பும். இப்போது காற்றில்லாத அறையில் எரியும் விளக்கைப் பாருங்கள். எண்ணெய் கணந்தோறும் எரிந்து போகிறது, ஆனால் சுடரின் வடிவம் மாறவில்லை. அது ஸ்டெடி. யாராவது கதவைத் திறந்தால் போதும், சுடர் ஆட ஆரம்பித்துவிடும். ஸ்டேபிள் என்பது தாங்கும் திறன். ஸ்டெடி என்பது இப்போது ஆடாமல் இருக்கும் நிலை. பேச்சு வழக்கில் இரண்டும் ஒன்றின் இடத்தில் ஒன்று வந்துபோகும், அதைக் குற்றம் சொல்ல முடியாது. மருத்துவத்தில் மட்டும் கவனம் வேண்டும். நோயாளியின் நிலை ‘ஸ்டேபிள்’ என்றால் தேறிவிட்டார் என்று அர்த்தமில்லை. இப்போதைக்கு மோசமாகவில்லை, அவ்வளவுதான். ‘கவலைக்கிடம், ஆனால் ஸ்டேபிள்’ என்று மருத்துவர்கள் சொல்வதில் முரண் எதுவும் இல்லை.

பலரும் சறுக்கும் இன்னோர் இடம், ஸ்டெடியா ஸ்டெடிலியா என்பது. ஏணியில் ஏறியிருப்பவர் கீழே நிற்பவரிடம் ‘ஹோல்ட் இட் ஸ்டெடி’ என்பார். ஆடக் கூடாதது ஏணி. அதனால் ஏணியைக் குறிக்கும் பெயரடைதான் அங்கே சரி. விலை ஏறியது என்று சொல்லும்போது ஏறுவதன் விதத்தைச் சொல்கிறோம். அங்கே ‘ரோஸ் ஸ்டெடிலி’ என்றுதான் எழுத வேண்டும். உச்சரிப்பிலும் பாருங்கள்: எகரத்தை விழுங்கிவிட்டால் ஸ்டெடி ‘ஸ்டடி’ ஆகி, படிப்புக்குப் போய்விடும்.

மற்றவை சின்ன விஷயங்கள். ‘கோயிங் ஸ்டெடி’ என்றால் ஒருவரை மட்டுமே காதலித்துப் பழகுவது. ‘ஸ்டெடி ஆன்!’ என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால் ‘கொஞ்சம் பொறுங்கள், நிதானம்’ என்று எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலில் சுக்கான் பிடிப்பவரிடம் ‘ஸ்டெடி’ என்றால் இப்போது போகும் திசையிலேயே செலுத்து என்ற கட்டளை. கப்பல் நிற்கவில்லை, போய்க்கொண்டேதான் இருக்கிறது.

இனி உங்கள் அறிக்கைக்கு வருவோம். ‘சீரான சரிவு’ என்று திருத்தத் தோன்றும். பொருள் பிழையில்லை, ஆனால் ‘சீராக இருக்கிறது’ என்றால் தமிழில் நன்றாக இருக்கிறது என்ற வாசனையும் சேர்ந்து வரும். சரிவோடு அது ஒட்டாது. ‘விற்பனை தொடர்ந்து சரிந்து வருகிறது’ என்று எழுதுங்கள். அறிக்கையிலேயே எண்கள் இருந்து, காலாண்டுக்குக் காலாண்டு இறக்கம் தெரிந்தால், ‘ஒவ்வொரு காலாண்டிலும் சரிந்திருக்கிறது’ என்பது அதைவிட நல்லது.