இரண்டுமே வேலை செய்கின்றன

அன்புள்ள அண்ணா,

வணக்கம். ஒரு தமிழ் எழுத்துருவை, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் நிறுவும்படி பொதியாக்க ஒரு மாதமாக முயன்றுகொண்டிருக்கிறேன். படித்த வழிகாட்டிகள் ஆளுக்கொரு வழி சொல்கின்றன. ஒன்று, பொதியை உருவாக்கும் படிகளைச் சொல்லும் ரூல்ஸ் கோப்பில் நாற்பது வரி எழுதச் சொல்கிறது. இன்னொன்றில் மூன்றே வரி. இரண்டையும் செய்து பார்த்தேன், இரண்டுமே வேலை செய்கின்றன! கற்றதை எல்லாம் சேர்த்துத் தமிழில் முழுமையான புது வழிகாட்டி ஒன்று எழுதலாமா?

க.

அன்புள்ள க.,

இரண்டுமே வேலை செய்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், சிக்கலே அதுதான்.

2008-ல், பொதியாக்க உதவும் கருவியான டெப்ஹெல்ப்பரின் 7-ஆம் பதிப்பு வந்தபோது, படிகளை எல்லாம் தானே நடத்தும் 'டிஎச்' என்ற ஒற்றைக் கட்டளையும் வந்தது. அதற்கு முன் ரூல்ஸ் கோப்பில் ஒவ்வொரு படிக்கும் ஒரு கட்டளையைத் தனியாக எழுத வேண்டும். உங்கள் நாற்பது வரி அந்தக் காலத்துடையது. டெபியன் பழைய முறையைச் சட்டென்று உடைப்பதில்லை. அது பெரிய நற்குணம்தான். ஆனால் பழைய பக்கத்தைப் பார்த்துச் செய்பவருக்குப் பிழைச்செய்தி வராது, பொதி உருவாகிவிடும். அவர் அதே பக்கத்தை அடுத்தவருக்கும் காட்டுவார். டெபியன்காரர்கள் நிரல்களை வைத்திருந்த அலியோத் தளத்தை 2018-ல் மூடிவிட்டு, சால்சா என்ற புதிய தளத்துக்கு மாறினார்கள். அலியோத்துக்குப் போகச் சொல்லும் பக்கம் உடனே மாட்டிக்கொள்ளும், இணைப்பே திறக்காது. நாற்பது வரிப் பக்கம் அப்படி மாட்டாது.

இரண்டு காலத்தையும் கலந்தால்தான் அடி விழும். டெப்ஹெல்ப்பர் எந்தக் காலத்து முறைப்படி நடக்க வேண்டும் என்பதற்கு, முன்பு காம்பேட் என்ற தனிக் கோப்பில் ஓர் எண்ணை எழுதுவோம். இப்போது அதை, பொதியின் பெயரும் தேவைகளும் இருக்கும் கண்ட்ரோல் கோப்பிலேயே, டெப்ஹெல்ப்பர்-காம்பேட் 13 தேவை என்று குறிப்பிடுகிறோம். இரண்டு இடத்திலும் எழுதினால் டெப்ஹெல்ப்பர் வேலையைத் தொடங்கவே மறுக்கும். புதிதாக வருகிறவர் தன் மேல்தான் தவறு என்று நினைத்து அங்கேயே விட்டுவிடுவார். எனக்கு வருத்தம் தருவது இதுதான்.

என் முதல் பொதியும் எழுத்துருதான். அதற்கு 'டிடிஎஃப்' என்று தொடங்கும் பெயர் வைத்தேன். அதற்குள் எல்லோரும் 'ஃபான்ட்ஸ்' என்ற முன்னொட்டுக்கு மாறிவிட்டிருந்தார்கள். நான் நம்பிய பக்கத்தில் தேதியே இல்லை. இரண்டு வார வேலை திரும்பி வந்தது.

அதனால் முழு வழிகாட்டி வேண்டாம் என்பேன். ஏற்கெனவே இருக்கிற குவியலில் அதுவும் ஒன்றாகிவிடும், இரண்டு வருடத்தில் அதுவும் பழசாகும். புதிய பராமரிப்பாளர்களுக்கான பழைய டெபியன் கையேட்டைத் திறந்து பாருங்கள். அதன் இடத்துக்கு வேறொரு கையேடு வருகிறது என்று தொடக்கத்திலேயே எழுதி, அங்கே போகச் சொல்கிறார்கள். நீங்கள் தடுக்கி விழுந்த விக்கிப் பக்கங்களிலும் அப்படி இரண்டு வரி சேருங்கள். எந்தப் பக்கம் எங்கே குழப்பியது என்பது இந்த மாதம் உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் எல்லாம் எளிதாகத்தான் இருந்தது என்பீர்கள். கையேட்டிலேயே தவறு இருந்தால் வழு (பிழை அறிக்கை) பதியுங்கள். விதிகளைச் சொல்லும் டெபியன் பாலிசி, நடைமுறைகளைச் சொல்லும் டெவலப்பர் ரெஃபரன்ஸ் எல்லாமே டெபியனில் பொதிகள்தான். மென்பொருளுக்குப் பதிவதுபோலவே ரிப்போர்ட்பக் என்ற கருவியை வைத்துப் பதியலாம்.

அப்புறம், தமிழில் எழுதத்தான் வேண்டும், ஆங்கிலக் கையேட்டில் இல்லாததை எழுதுங்கள். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் உரிமக் கோப்பே இருக்காது, 'இலவசம்' என்று மட்டும் போட்டிருப்பார்கள். டெபியனுக்கு அது போதாது. மாற்றவும் மாற்றியதைப் பகிரவும் அனுமதி எழுத்தில் வேண்டும். எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் உரிமம் இருந்தால் நல்லது. அதிலும் ஒதுக்கப்பட்ட பெயர் என்று ஒன்று உண்டு. அப்படி ஒரு பெயரை ஆசிரியர் அறிவித்திருந்தால், எழுத்துருவை மாற்றியபின் அதே பெயரில் வெளியிட முடியாது. எழுத்துரு வடிவமைத்தவருக்கு இதை எப்படி விளக்குவது, உரிமம் கேட்டு எப்படிக் கடிதம் எழுதுவது, இவற்றைத் தமிழில் எழுத ஆள் வேண்டும். கட்டளைகளுக்குக் கையேட்டின் இணைப்பைக் கொடுத்தால் போதும். மேலே ஒரு வரி: எந்த டெபியன் பதிப்பில், எந்தத் தேதியில் செய்து பார்த்தது என்று.

எழுதி முடித்ததும் அனுப்புங்கள். டெபியனைப் புதிதாக நிறுவி, நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு செய்து பார்க்கிறேன். எங்கே நின்றேன் என்று எழுதுகிறேன்.

அன்புடன்.