'டக் டக்' சத்தம் வந்தால் ட்ரில் பழுதா?

கேள்வி (மல்லாவி வாசகர்): முதிரைக் கதவுக்குப் பிணைச்சல் பூட்டப் பற்றரி ட்ரில் ஒன்று வாங்கினேன். ஸ்குரூ பாதி இறங்கியதும் 'டக் டக்' என்று சத்தம் வந்து முனை நிற்கிறது, மோட்டர் மட்டும் சுற்றுகிறது. முனைக்குப் பின்னால் இருக்கிற இலக்க வளையத்தை அதிலுள்ள ட்ரில் படத்துக்குத் திருப்பினேன், இரண்டு ஸ்குரூவின் தலை முறிந்துபோனது. லாண்ட் மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு மெசின்) மாதிரி இதிலும் கிளச் பிளேற் தேய்ந்திருக்குமா?

பதில்: ஒன்றும் தேயவில்லை, தயவுசெய்து அதைக் கழற்றக் கொடுக்காதீர்கள். கிளச் ஒழுங்காக வேலை செய்கிற சத்தம்தான் அது. லாண்ட் மாஸ்ரரில் கிளச்சை விடுவிப்பது உங்கள் கை. ட்ரில்லில் பாரம் அளவுக்கு மேல் ஏறினால் அது தானாகவே விட்டுவிடும்.

உள்ளே மோட்டர் மிக வேகமாகச் சுற்றினாலும் அதற்கு வலு குறைவு. அதனால் நடுவில் ஒரு சின்னப் பற்சில்லு, அதைச் சுற்றி வேறு சில பற்சில்லுகள், எல்லாவற்றையும் வளைத்து உட்பக்கம் பல் வெட்டிய ஒரு பெரிய வளையம், இப்படி இரண்டு மூன்று அடுக்கு வைத்து வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டுகிறார்கள். அந்தப் பெரிய வளையம் அசையாமல் நின்றால்தான் முனை சுற்றும். கிளச் உள்ள அடுக்கில் அதைப் பிடித்து நிறுத்துவது சில இரும்பு உருண்டைகள்தான். வளையத்தின் முகத்தில் சின்ன மேடுகள் இருக்கும், அவற்றுக்கிடையில் உருண்டைகளை ஒரு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். ஸ்குரூ இறுகி முனை திரும்ப மறுத்தால் அந்தத் திமிறல் முழுவதும் வளையத்துக்குப் போகும். ஸ்பிரிங்கின் அழுத்தத்தை அது மிஞ்சியதும் உருண்டைகள் மேட்டில் ஏறி அடுத்த பள்ளத்தில் விழ, வளையம் சுற்றத் தொடங்கும், முனை நின்றுவிடும். ஒவ்வொரு விழுகைக்கும் ஒரு 'டக்'.

வெளியே நீங்கள் திருப்புகிற இலக்கங்கள் அந்த ஸ்பிரிங்கை எவ்வளவு நெரிப்பது என்பதற்குத்தான். ஒரு மெசினின் 5 இன்னொன்றின் 5 ஆகாது. ட்ரில் படத்தில் வைத்தால் உருண்டைகள் பின்வாங்க இடமே இருக்காது, கிளச் முழுதாகப் பூட்டுப்படும். துளை போட மட்டும்தான் அந்த இடம். அதில் வைத்து ஸ்குரூ முறுக்கினால் தலை முறியும், சில நேரம் மணிக்கட்டும் பிசகும்.

சரி, முதிரைக்கு என்ன செய்வது? முதிரையோ பாலையோ, எங்கள் வன்னிப் பகுதியின் வைர மரங்களில் துளை போடாமல் ஸ்குரூ ஏற்ற நினைக்கவே கூடாது. 4 மி.மீ. ஸ்குரூ என்றால் முதலில் 3 மி.மீ. துளை, ஸ்குரூவில் கொஞ்சம் மெழுகுதிரி தேயுங்கள், கியரை 1இல் வையுங்கள். அதே மரத்தின் கழிவுத்துண்டில் சின்ன இலக்கத்தில் தொடங்கி, தலை பிணைச்சலோடு மட்டமாக உட்காரும்வரை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பாருங்கள். பித்தளை ஸ்குரூ என்றால் அதே அளவு இரும்பு ஸ்குரூவை முதலில் ஏற்றிக் கழற்றிவிட்டுப் பிறகு பித்தளையைப் போடுங்கள். ஆகப் பெரிய இலக்கத்திலும் மென்மையான மரத்திலேயே 'டக் டக்' வந்தால்தான் ஸ்பிரிங்கைச் சந்தேகப்பட வேண்டும்.

கேள்வி (ஒட்டுசுட்டான் வாசகர்): கூரைத் தகரத்துக்கு ஸ்குரூ அடிக்கிற இம்பக்ட் மெசினில் இலக்க வளையமே இல்லையே, ஏன்?

பதில்: அதில் விட்டுக்கொடுக்கிற கிளச் கிடையாது. பாரம் ஏறியதும் உள்ளே ஸ்பிரிங்கோடு இருக்கிற ஒரு சுத்தியல் பின்வாங்கிச் சுழன்று முனையின் தண்டை அடிக்கும், அடிக்க அடிக்க ஸ்குரூ இன்னும் இறுகும். நிறுத்த வேண்டியது உங்கள் விரல்தான். தகரத்தில் இரப்பர் வாசர் சற்று அமுங்கியதும் விட்டுவிடுங்கள். அது பிதுங்கி வெளியே வந்துவிட்டால் மாரியில் அந்த இடத்தால்தான் ஒழுகும்.