ஜப்பானுக்குக் குடும்பத்தோடு வேலைக்குப் போனால் அங்குள்ள அரசு மருத்துவக் காப்பீடு யார் யாருக்குப் பொருந்தும்? பெங்களூரில் இருக்கும் அம்மாவையும் சேர்க்க முடியுமா?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இதுதான். உங்கள் பெங்களூர் நிறுவனம் உங்களை டோக்கியோவுக்கு அனுப்புகிறது. மனைவியும் மூன்று வயது மகனும் உடன் வருகிறார்கள். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ள அம்மா, 62 வயது, ராமமூர்த்தி நகர் வீட்டிலேயே இருப்பார்.

முதலில் அம்மா விஷயம், ஏனென்றால் அதுதான் அவசரம். அவரைச் சேர்க்க முடியாது. ஊரில் இருக்கும் பெற்றோரையும் நிறுவனக் காப்பீட்டில் சார்ந்திருப்பவராகக் காட்டலாம் என்று பழைய பதில்களில் படித்திருப்பீர்கள். ஒரு காலத்தில் அது உண்மை. 2020 ஏப்ரல் முதல் சட்டம் மாறிவிட்டது. சார்ந்திருப்பவர் ஜப்பானிலேயே வசிப்பவராக இருக்க வேண்டும். படிக்க வெளிநாடு போன பிள்ளை போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. நீங்கள் மாதாமாதம் பணம் அனுப்பி அம்மாவைக் காப்பாற்றுகிறீர்கள் என்பதற்கு ஆதாரம் காட்டினாலும் பயனில்லை. அந்தக் காப்பீடு யார் சொந்தம் என்று பார்ப்பதில்லை, யார் அங்கே குடியிருக்கிறார் என்றுதான் பார்க்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி விதிகள் பெரும்பாலும் தாமாகவே விளங்கிவிடும்.

நானும் கணவரும் டோக்கியோவின் எதொகாவா வட்டத்தில், நிஷி கசாயில் குடியிருந்துவிட்டு இப்போது சி.வி. ராமன் நகருக்குத் திரும்பியிருக்கிறோம். மகள் அங்கேதான் பிறந்தாள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் அனுமதியோடு குடியிருப்புப் பதிவு செய்த எல்லா வெளிநாட்டவரும் காப்பீட்டில் சேர்ந்தே ஆக வேண்டும். ஆனால் எந்த வாசல் வழியாக நுழைகிறீர்கள் என்பது உங்கள் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. ஜப்பான் கிளையின் சம்பளப் பட்டியலில் வைத்தால் 'ஷகாய் ஹோகென்' எனும் ஊழியர் காப்பீடு. சம்பளத்தில் ஏறத்தாழ பத்து சதவீதம் சந்தா. பாதியை நிறுவனம் கட்டும். நாற்பது வயதானால் முதியோர் பராமரிப்புக்கென்று கொஞ்சம் கூடும். மனைவிக்கும் மகனுக்கும் தனிச் சந்தா கிடையாது. பெங்களூர்ச் சம்பளத்திலேயே வைத்து அனுப்பினால், வட்ட அலுவலகத்தில் நீங்களே போய் 'கொகுமின் கென்கோ ஹோகென்' எனும் தேசியக் காப்பீட்டில் சேர வேண்டியிருக்கும். அதில் சார்ந்திருப்பவர் என்ற வகையே இல்லை. வீட்டில் தலைக்கு இவ்வளவு, முந்தைய ஆண்டு வருமானத்தில் இவ்வளவு என்று கணக்கிடுவார்கள். முதல் ஆண்டில் உங்களுக்கு ஜப்பான் வருமானம் இருந்திருக்காது, ஆகவே சந்தா குறைவாக வரும். அடுத்த ஆண்டு ரசீதைப் பார்த்துத் திடுக்கிடாதவர்கள் குறைவு. இப்போதே அதற்கு ஒதுக்கி வையுங்கள். பதினான்கு நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தாமதித்தால் தகுதி தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்டு வாங்குவார்கள்.

இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையிலான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி சான்றிதழ் வாங்கினால் ஜப்பான் ஓய்வூதியச் சந்தாவிலிருந்து விலக்கு உண்டு. மருத்துவக் காப்பீட்டுக்கு அது பொருந்தாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, சான்றிதழ் இருக்கிறது, எதுவும் கட்ட வேண்டாம் என்று சொல்லும் மனிதவள அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். நம்ப வேண்டாம்.

பலன்களைப் பொறுத்தவரை, பெங்களூர் நிறுவனங்களின் குழுக் காப்பீட்டுக்குப் பழகிய நமக்கு மூன்று விஷயங்கள் புதிது. ஏற்கெனவே இருக்கும் நோய்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. உங்கள் மனைவிக்குத் தைராய்டு இருந்தாலும் முதல் நாளிலிருந்தே மாத்திரைக்குக் காப்பீடு உண்டு. படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் என்ற நிபந்தனை இல்லை. சளிக்கு மருத்துவரைப் பார்ப்பதும், கடைவாய்ப் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்வதும் அதில் அடங்கும். நீங்கள் கட்டுவது முப்பது சதவீதம். பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளுக்கு இருபது. மூன்றாவது, கட்டணம் ஒரு வரம்பைத் தாண்டினால் மீதி திரும்பி வரும். நாங்கள் இருந்தபோது நடுத்தரச் சம்பளக்காரருக்கு, பத்து லட்சம் யென் ஆன சிகிச்சையில் கடைசியில் கையிலிருந்து போவது 87,430 யென். இந்த வரம்பு நாட்காட்டி மாதக் கணக்கு. மாதம் தொடங்கும்போது அறுவை சிகிச்சை வைத்துக்கொண்டால் ஒரே மாதத்தில் அடங்கும். மாதக் கடைசியில் சேர்ந்தால் இரண்டு மாத வரம்பும் உங்கள் தலையில்தான். அவசரமில்லாத சிகிச்சை என்றால் மருத்துவரிடம் தயங்காமல் தேதியைப் பற்றிக் கேளுங்கள்.

மகனைப் பற்றிக் கவலையே வேண்டாம். டோக்கியோவின் 23 வட்டங்களிலும் குழந்தைகளின் பங்கை வட்டமே கட்டிவிடுகிறது. 2023 ஏப்ரலிலிருந்து இது உயர்நிலைப் பள்ளி வயது வரை நீண்டிருக்கிறது. வட்ட அலுவலகத்தில் குழந்தைக்கென்று தனியாக ஒரு மருத்துவச் சலுகைச் சான்று வாங்கிக் காட்ட வேண்டும். என் மகளுக்கு மருத்துவருக்கோ மருந்துக்கோ காசு எடுத்துக் கொடுத்த நினைவே எனக்கில்லை. இரவு இரண்டு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறும்போது பணத்தைப் பற்றி நினைக்காமல் கிளம்ப முடிவது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அங்கே இருந்தபோதுதான் உணர்ந்தேன். நம் ஊரிலும் எல்லாத் தாய்மார்களுக்கும் இது வாய்க்க வேண்டும்.

பிரசவம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சுகப்பிரசவம் நோயல்ல என்பதால் காப்பீட்டில் வராது. பதிலாக, 2023 ஏப்ரலிலிருந்து குழந்தைக்கு ஐந்து லட்சம் யென் மொத்தத் தொகையாகத் தருகிறார்கள். டோக்கியோ மருத்துவமனைகளில் செலவு பெரும்பாலும் அதைத் தாண்டும். எனக்கு அறுவை சிகிச்சைப் பிரசவம். அந்தச் சிகிச்சைக்குக் காப்பீடும் உண்டு, ஐந்து லட்சமும் உண்டு. தடுப்பூசி, உடல் பரிசோதனை, பல் சீரமைப்புக் கம்பி, தனி அறை வாடகை இவையெல்லாம் வெளியே. தனி அறை வேண்டுமென்று நீங்களாகக் கேட்டால் அந்த வாடகை நாள் கணக்கில் ஏறிவிடும். பரிந்துரைக் கடிதமின்றி நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போனாலும் 7,000 யென்னோ அதற்கு மேலோ தனியாகக் கேட்பார்கள். முதலில் தெருமுனை மருத்துவரிடம் போங்கள்.

மனைவி பகுதிநேர வேலை பார்க்க நினைத்தால், அனுமதி வாங்கி வாரம் 28 மணி நேரம் வரை பார்க்கலாம். நீங்கள் ஊழியர் காப்பீட்டில் இருக்கும்போது, அவருடைய ஆண்டு வருமானம் 13 லட்சம் யென்னைத் தொட்டால் உங்கள் காப்பீட்டிலிருந்து அவர் வெளியேற வேண்டியிருக்கும். நான் ஒரு கடையில் வேலை பார்த்தபோது ஒவ்வொரு டிசம்பரிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் நேரம் ஒதுக்கினேன்.

விடுமுறைக்குப் பெங்களூர் வந்து இங்கே நோய்வாய்ப்பட்டாலும் ஒரு வழி இருக்கிறது. மகளுக்கு இங்கே டெங்கு வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். பணத்தை முழுவதும் நாங்களே கட்டிவிட்டு, பிறகு ஜப்பானில் விண்ணப்பித்துப் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றோம். அதற்கென்று உள்ள படிவங்களில் இங்குள்ள மருத்துவர் சிகிச்சை விவரத்தையும் கட்டணப் பிரிவுகளையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஜப்பானிய மொழிபெயர்ப்பும் இணைக்க வேண்டும். வீடு திரும்பும் நாளில் அவசரமாகக் கேட்டால் மருத்துவமனைகள் அலைக்கழிக்கும். படிவத்தை அச்செடுத்து ஊருக்கு வரும்போதே பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சைக்காகவே இந்தியா வந்தால் இது கிடைக்காது.

மீண்டும் அம்மாவிடம் வருகிறேன். அவர் உங்களைப் பார்க்க 90 நாள் விசாவில் வந்தாலும் அவர் குடியிருப்பவர் ஆகமாட்டார். காப்பீடு இல்லாத வெளிநாட்டவருக்கு மருத்துவமனைகள் தாங்களே கட்டணம் நிர்ணயிக்கலாம். அது அரசு விலையைவிடப் பல மடங்காகவும் இருக்கலாம். இங்கிருந்தே பயணக் காப்பீடு எடுத்துத்தான் விமானம் ஏற்ற வேண்டும். அதிலும் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு சார்ந்த சிக்கலுக்கு எது வரை கொடுப்பார்கள் என்பதை வரிவரியாகப் படித்துவிடுங்கள்.

அதைவிட முக்கியம், இப்போது அம்மாவுக்கு இருக்கும் பாதுகாப்பு உங்கள் பெங்களூர் நிறுவனத்தின் குழுக் காப்பீடுதான் என்றால், சம்பளப் பட்டியல் டோக்கியோவுக்கு மாறும் நாளில் அது நின்றுபோகலாம். குழுவிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. இதுவரை கழிந்த காத்திருப்புக் காலமும் கணக்கில் வரும். ஆனால் குழுவில் இருக்கும்போதே கேட்க வேண்டும். புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டி வரும். நீங்கள் அங்கே இருக்கப்போகும் காலம் முழுவதும் அதிலேயே கழிந்துவிடலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பது ஒரு ஆறுதல். விண்ணப்பத்தில் அம்மாவின் சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் மாத்திரைப் பெயரோடு எழுதுங்கள். முகவர் வேண்டாம் என்று சொன்னாலும் எழுதுங்கள்.

நாளைக்கே மனிதவளத் துறையிடம் இரண்டு கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்: என் சம்பளம் எந்த நாட்டில் வரும், அம்மாவின் பெயர் குழுவிலிருந்து எந்தத் தேதியில் நீங்கும்? பதில் வந்ததும் கீழே எழுதினால், வட்ட அலுவலகத்துக்கு என்னென்ன தாள்கள் எடுத்துப்போக வேண்டும் என்பதை அதற்கேற்றபடி சொல்கிறேன்.